ரெய்லீனின் இருபத்திரண்டு மணி நேரம்

மாட்டுத் தீவனக் கடையின் பின்னறையில் பத்தேகால் மணிக்குக் கெட்டில் கொதிக்கும்போது, ரெய்லீன் முதலில் கைக்கடிகாரத்தில் நிமிடம் எண்ணும் பொத்தானை அழுத்துகிறாள். அதற்குப் பிறகுதான் வாய்க்குள் விரல் போகிறது. கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் விரலை மாட்டி இழுத்தால் 'டக்'கென்று ஒரு சத்தம். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று கண்ணாடி போன்ற இரண்டு உறைகள் எச்சில் நூலோடு வெளியே வருகின்றன. "யாரும் பாக்காதீங்கப்பா, பாம்பு சட்டை உரிக்குது" என்பாள். அதுவரை பார்க்காதவர்களும் அப்போது பார்ப்பார்கள்.

அலைனர் என்று அதற்குப் பெயர். கம்பி கட்டாமலே கோணல் பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறை. பத்து நாளைக்கு ஒரு ஜோடி, மொத்தம் முப்பத்துநாலு ஜோடி. ஒவ்வொன்றும் பல்லை மயிரிழை தள்ளிவிட்டு அடுத்ததற்கு இடம் விடும். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் அது வாயிலேயே கிடக்க வேண்டும். தின்பதற்கும் குடிப்பதற்கும் சேர்த்து மிச்சம் இரண்டே மணி நேரம். அவள் ஊரான முர்ரம்பாவில் டீயை யாரும் அப்படிக் கணக்குப் பார்த்துக் குடித்ததில்லை. ரெய்லீன் நாளுக்கு ஒன்பது கோப்பை குடித்தவள்; ஒவ்வொன்றையும் பேச்சோடு பேச்சாக அரை மணி நேரம் இழுத்தவள். இப்போது மூன்றே கோப்பை, அதுவும் நின்றபடி. "நான் டீ குடிக்கிறதில்ல, டிராக்டருக்கு டீசல் ஊத்துற மாதிரி ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பல் துலக்கப் பின்கட்டுக் குழாய்க்கு ஓடுவாள். உறையை மாட்டியதும் சுண்டுவிரல் அளவு ரப்பர் உருளை ஒன்றைக் கடித்துக்கொண்டே கல்லாவில் வந்து நிற்பாள். உறை பல்லில் நன்றாக உட்கார அதைக் கடிக்க வேண்டுமாம். தீவனம் வாங்க வருகிறவர்கள், தங்கள் கன்றுக்குட்டிகளை நினைத்துக்கொண்டு சில்லறையை எண்ணுவார்கள்.

வயது அறுபத்தொன்று. "இந்த வயசுல பல்ல நேராக்கி என்ன பண்ணப் போற, சவப்பெட்டியில படுத்துக்கிட்டு சிரிக்கவா?" என்ற கேள்வியை ஊரார் கேட்கும் முன்பே அவளே கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் சிரிப்பதும் அவள்தான். பிறர் கிண்டல் செய்ய மிச்சம் வைக்காமல் தன்னைத் தானே காலி செய்துவிடுவது அவள் வழக்கம். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கியது என்பது கொஞ்சம் வலிக்கிற கதை.

பத்தொன்பது வருடமாக முர்ரம்பா விவசாயக் கண்காட்சியில் சமையல் பிரிவுக்கு அவள்தான் நீதிபதி. டார்லிங் டவுன்ஸ் என்கிற அந்த விவசாய வட்டாரத்தில் அது சாதாரணப் பதவி இல்லை. ஸ்பஞ்ச் கேக்கின் மேல் ஆறவைக்கும் கம்பித் தட்டின் தழும்பு இருந்தால் மதிப்பெண் போச்சு. தட்டில் ஆறு ஸ்கோன், அதாவது டீயோடு தின்னும் குட்டி ரொட்டி என்றால் ஆறும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரு விரல்கடை சாய்ந்தாலும் ரெய்லீனின் கத்தி முனை அங்கே போய் நிற்கும். போன வருடம் அப்படிச் சாய்ந்த கேக் ஒன்றைச் சுட்டிக் காட்டி அவள் சிரித்ததை உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்துவிட்டான். ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ அதைப் போட்டு, "எது ஜாஸ்தி சாஞ்சிருக்கு, கேக்கா, ஜட்ஜம்மா பல்லா?" என்று கேட்டிருந்தார்கள். நூற்றுப் பதினாலு பேர் சிரித்திருந்தார்கள். நூற்றுப் பதினைந்தாவது சிரிப்பை ரெய்லீனே போட்டாள். மறுநாள் காலை டூவூம்பாவில் இருக்கும் பல் சீரமைப்பு டாக்டருக்கு ஃபோன் செய்தாள். அதை இரண்டு வாரம் கழித்துத்தான் புருஷன் ராஸிடம் சொன்னாள்.

நல்ல நோயாளி என்று அவளைச் சொல்ல முடியாது. ஏழாம் நம்பர் உறையை வீட்டு நாய் தின்றுவிட்டது. க்ளினிக்கைக் கூப்பிட்டு, பெரிய நகைச்சுவை போலக் குரலை ஏற்றிச் சொன்னாள். ஃபோன் எடுத்த பெண் சிரிக்கவில்லை. "இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளுங்க" என்றாள். முட்டாள்தனத்தில்கூடத் தனக்கு முதல் பரிசு இல்லையே என்று ரெய்லீன் அன்று உண்மையாகவே வருந்தினாள்.

அந்த டூவூம்பா டாக்டர் ட்ரின்னுக்கு முப்பது வயது இருக்கும். சத்தமாகப் பேசமாட்டாள். ஏப்ரல் மாதம் போனபோது, பத்தொன்பதாம் உறையை மாட்டச் சொல்லிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். இடப்பக்கக் கோரைப்பல்லுக்கும் உறைக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது.

"பல்லு வரமாட்டேங்குது ரெய்லீன். ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் போடுறீங்க?"

"இருபத்திரண்டு, டாக்டர் கண்ணு."

டாக்டர் அவளையே பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொய்யைத் தினமும் கேட்டுப் பழகிய பார்வை.

"இருபது... சரி, பதினெட்டு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அப்புறம் எல்லாரும் டீ குடிப்போம். அது கொஞ்சம் நீளும்."

"சின்னப் பசங்க உறையில ஒரு நீலப் பொட்டு வைப்போம். ஒழுங்கா போட்டிருந்தா அது வெளுத்துடும், போடலன்னா அப்படியே இருக்கும். உங்களுக்கும் வைக்கவா?"

"வையி தாயி. பிரம்பு இருந்தா அதையும் கையோட குடு."

பொட்டு வைத்தார்கள். அடுத்த வருகை கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை; அதுவரை இதே பத்தொன்பதாம் ஜோடிதான். அன்றைக்கும் அந்தப் பல் உட்காரவில்லை என்றால் மிச்சம் பதினைந்து ஜோடியும் குப்பைக்கு. மறுபடி அளவெடுத்து ஒன்றாம் நம்பரிலிருந்து, இன்னொரு வருடம். ரெய்லீன் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இந்தப் பல் வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

அதன் பிறகு ஐந்து வாரம் அவள் ஒழுங்காக இருந்தாள். சர்ச் டீயைத் தியாகம் செய்தாள். நீலப் பொட்டு வெளுத்துக்கொண்டு வந்தது. கோரைப்பல்லும் மனது வைத்ததுபோல மெல்ல இறங்கியது. அப்போதுதான் கண்காட்சி வெள்ளி வந்தது. அறுபத்தெட்டுத் தட்டு. தட்டுக்கு ஒரு வாய். கழற்றி, தின்று, துலக்கி, மாட்டி என்று அறுபத்தெட்டுத் தடவை செய்ய முடியாது. காலையில் கழற்றினால் சாயங்காலம்தான். விட்டுக்கொடுத்தால் பக்கத்து ஊர் நீதிபதி துள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். முந்தின நாள் முழுக்க யோசித்து ரெய்லீன் ஒரு முடிவுக்கு வந்தாள். கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, பத்தொன்பது வருடப் பழக்கம் இருக்கிறது. நாக்கு ஒரு நாள் லீவு எடுத்தால் கண்காட்சி நின்றுவிடாது.

எண் குறித்துக்கொள்ள உதவிக்கு வந்த நரெலிடம், "வயிறு சரியில்லடி" என்றாள். நரெல் இருபது வருடச் சிநேகிதி. நம்பாமல் பார்த்தாள், ஆனால் எழுதிக்கொண்டாள். ரெய்லீன் வெட்டினாள், மோந்தாள், விரலால் அழுத்தினாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள். வேலை விறுவிறுவென்று நடந்தது. வாய்தான் இத்தனை வருடமும் தன்னைத் தாமதப்படுத்தியிருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பூசணி ஸ்கோன் பிரிவில் பதினோரு தட்டுகள். அதில் நாற்பத்தேழாம் எண் தட்டைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஆறும் ஒரே உயரம், ஒரே பொன் நிறம், வெட்டினால் உள்ளே பஞ்சு. நீல ரிப்பன், முதல் பரிசு.

இரண்டு மணிக்குச் சமையல் கூடாரத்தின் வாசலைத் திறந்து ஜனங்களை விட்டார்கள். தட்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் ஏறியது. நாற்பத்தேழு, க்ளெனிஸ் ஹார்ட்விக். பௌல்ஸ் என்ற பந்து விளையாட்டுக் கிளப்பின் சமையலறையில் வேலை செய்கிறவள். பதினாலு வருடமாக ஸ்கோன் கொண்டுவருகிறாள். பதினாலு வருடமும் 'பாராட்டத்தக்க முயற்சி' என்ற மஞ்சள் அட்டையோடு திரும்பிப் போகிறாள். ரிப்பனைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெக்கேயில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு, கூடாரத்துக்கே கேட்கும்படி, "எனக்குடி! எனக்கேதான்!" என்றாள். ரெய்லீனுக்கும் கண் கலங்கியது.

வெட்டிய பண்டத்தில் பாதி தட்டிலேயே இருக்கும். மறு பாதி ஊழியர்களின் டீ மேசைக்கு வரும். அது அங்கே நெடுநாள் உரிமை. மூன்று மணிக்கு ரெய்லீன் பொத்தானை அழுத்தி, உறையைக் கழற்றி, நாற்பத்தேழாம் எண்ணின் பாதி ஸ்கோனில் வெண்ணெய் தடவி வாயில் போட்டாள்.

துணி சோப்பு.

அதற்கு வேறு வர்ணனை கிடையாது. நாக்கு சுருண்டுகொண்டது. மாவில் பேக்கிங் பவுடருக்குப் பதில் அளவு மாறாமல் சோடா உப்பைக் கொட்டியிருக்கிறாள். சோடா உப்பு ஸ்கோனை நன்றாக எழுப்பும், நன்றாகச் சிவக்க வைக்கும். கூடவே வருகிற மஞ்சள் நிறத்தைப் பூசணி மறைத்துவிட்டது. நாக்கு ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கும். அது அன்று லீவு.

நரெலும் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் காகிதத்தில் துப்பினாள். "அடிப்பாவி, முதல் பரிசு தட்டக்கூட நீ ருசி பாக்கலியா?"

"பாக்கல."

"வயிறுன்னது பொய்தானே. நெசமா ஏன்டி?"

ரெய்லீன் மேசை மேல் கிடந்த உறையைக் காட்டினாள். நரெல் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "சரி, வாய மூடிக்கோ. நீதிபதி முடிவே இறுதின்னு வாசல்லயே போர்டு வச்சிருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அடுத்த மாசம் ஜெயிச்சவங்க போற வட்டாரப் போட்டிக்கு இதே ஸ்கோனத்தான் செஞ்சு எடுத்துட்டுப் போவா. அங்க இருக்கறவ வாயில போட்டுப் பாப்பா. நூறு பேர் முன்னாடி துப்புவா. என் பொழப்பு சிரிப்பா சிரிச்சது போதாதா, அவளையும் சேத்து நிக்க வைக்கணுமா?"

துலக்கி, உறையை மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடியிருந்தது. க்ளெனிஸ் தன் தட்டுக்குப் பக்கத்தில் நின்று யாரோ எடுத்த புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெய்லீனைக் கண்டதும் கட்டிக்கொண்டாள்.

"க்ளெனிஸ், நான் இன்னிக்கு ஒண்ணையுமே ருசி பாக்கல. பல்லுல மாட்டுறது இருக்குல்ல, அதக் கழட்ட மனசு வரல. உன் ஸ்கோன ஒரு வாய் தின்னுப் பாரு."

க்ளெனிஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தட்டை மூடியிருந்த கம்பி வலையைத் தூக்கி, வெட்டிய பாதியை எடுத்துக் கடித்தாள். முகம் ஒவ்வொரு மெல்லலுக்கும் இறங்கியது. துப்பவில்லை. முழுங்கினாள்.

"புதுசா வாங்கின டப்பா மாறிப்போச்சு..." என்றாள். "பதினாலு வருஷம் ஒழுங்கா செஞ்சு கொண்டாந்தேன் ரெய்லீன். வாயில போட்டுப் போட்டு வேணாம்னே. இந்த ஒரு தடவ வாயில போடாம முதல் பரிசு குடுத்தே."

ரெய்லீனிடம் எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் இருக்கும். ஆனால் அப்போது "தப்பு என்னுதுதான்" என்று மட்டும் சொன்னாள். க்ளெனிஸ் ரிப்பனைத் தானே கழற்றினாள். மிச்ச ஐந்து ஸ்கோனையும் கைப்பையில் திணித்தாள், தட்டு காலியானது.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ரெய்லீன் திரும்பி, "நரெல், கம்பி வலையெல்லாம் தெற. முதல் தட்டுலேருந்து மறுபடி பாக்கணும்" என்றாள்.

"நீதிபதி முடிவே இறுதிடி!"

"அந்த முடிவ இப்பத்தான்டி எடுக்கப் போறேன்."

அறுபத்தெட்டுத் தட்டு, நாற்பத்தேழாம் எண் ஒன்று போக அறுபத்தேழு. இனி இருட்டும் வரை வாயில் உறை இருக்காது. கோரைப்பல் இந்த ஐந்து வாரத்தில் வந்த வழியே திரும்பிப் போக அது போதுமோ போதாதோ, திங்கட்கிழமை டாக்டர் ட்ரின் சொல்லுவாள். ரெய்லீனுக்கு அது தெரியும். அவ்வளவு பேர் பார்க்க, வாயில் விரலை விட்டு இரண்டையும் இழுத்தாள். உறை வைக்கும் டப்பா டீ மேசையில் கிடந்தது. கையில் கத்தி இருந்ததால், கைக்கு எட்டிய க்ளெனிஸின் காலித் தட்டில் அவற்றை வைத்துவிட்டு, முதல் தட்டு பழ கேக்கில் ஒரு துண்டை எடுத்து மெல்லத் தொடங்கினாள்.

க்ளெனிஸ் அந்த ஈர உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த நீல ரிப்பனைத் தட்டின் விளிம்பில் தொங்கவிட்டாள். கூடாரம் சிரித்தது.

ரெய்லீன் வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்தாள். தட்டைப் பார்த்தாள். உறை ஒன்று சாய்ந்து கிடந்தது. கத்தி முனையால் அதை நேராக நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டாம் தட்டுக்கு நகர்ந்தாள்.