காப்பு அவிழாத கை

அன்புடையீர், எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. திதியன்றே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய நினைவு மலர் இது. ஈப்போவில் அச்சுக்கூடமொன்றில் எழுத்துக் கோப்பது என் தொழில். எத்தனையோ வீட்டாருக்கு இப்படி மலர் கோத்துக் கொடுத்திருக்கிறேன். சொந்த அண்ணனுக்கென்று உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர். பெற்றோருடன் கப்பலேறி வந்து, ஈப்போவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒதுங்கினோம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போன பின், பால்மரம் வெட்டிப் பால் எடுத்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். கங்காணி வைதால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்குவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவர் மாசி பிறந்தால் வேறு ஆள். எங்கள் தோட்டத்துக் காமன் பண்டிகையில் காமன் வேடம் அவருக்குத்தான். சிவன் தவத்தைக் கலைத்த காமன் நெற்றிக்கண்ணில் எரிந்து போவதும், ரதி அழுது மன்றாட, மூன்றாம் நாள் எரிந்த சாம்பலில் பால் தெளித்து அவரை எழுப்புவதும் அந்தக் கூத்து. வேடம் கட்டுபவர் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். காமன் எழும் வரை காப்பை அவிழ்க்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டவும் கூடாது.

போன ஆண்டு மாசியில் காய்ச்சலோடுதான் அண்ணன் ஆடினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. காமன் எரிந்த மறுநாள் அவரால் எழ முடியவில்லை. பண்டிகைக்கு வந்திருந்த நானும் கூடவே இருந்தேன். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் வந்து பார்த்துவிட்டு, "இங்க வெச்சிருந்தா தாங்காது, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க" என்றார். மாட்டு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் அசைய மறுத்தார்.

"நாளைக்குக் காமனை எழுப்பிட்டு வாரேன்டா. நான் எல்லை தாண்டினா அவரு எப்படி எழும்புவாரு?"

"அவரு எழும்புறதுக்கு நீங்க படுத்துக்கணுமா? நல்லாருக்கு நியாயம்!" என்று அண்ணியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, அது கதைண்ணே. உசிரு இருந்தா அடுத்த வருசம் ஆடலாம், வாங்க" என்றேன்.

"கதைதான். எனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்துல காச்சல்ல போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா? ஆத்தா வந்துச்சா? அப்பன் வந்தாரா? இவரு ஒருத்தருதான்டா வருசா வருசம் எழும்புறாரு. அதையும் பாக்கலேன்னா இந்தச் சனம் எதை நம்பி விடிகாலையில பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுக்க வரிசையில நிக்கும்?"

பழைய கதைகளை இந்தக் காலத்தில் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஈப்போவில் படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்ல? அந்தக் கதைதான் எங்கள் சனத்துக்குத் தெம்பு கொடுத்தது. அதேதான் அண்ணனையும் வாங்கிக்கொண்டது. அள்ளிப்போட்டு வண்டியில் ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். தூக்கத்தான் போனோம். "காப்போட என்னைத் தூக்காதீங்கப்பா" என்று அவர் கும்பிட்டார். ரதி வேடம் கட்டிய வேலு அண்ணன் அழுதுகொண்டே கையை விட்டுவிட்டார். என் ஒருவனால் என்ன முடியும்? வண்டி வாசலில் சும்மா நின்றது.

விடியுமுன் அண்ணன் போய்விட்டார்.

சாவு விழுந்த இடத்தில் காமனை எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் சனம் கலங்கி நின்றது. அண்ணியார் எழுந்து வெளியே வந்தார்.

"எழுப்புங்க. அதுக்குத்தானே போகமாட்டேன்னு கெடந்தாரு பாவி மனுசன். இப்ப நிறுத்தினா அவரு செத்ததுக்கு என்னதான் அர்த்தம்?"

வீட்டிலிருந்த பாலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் அழுதுகொண்டே குலவையிட்டார்கள். வேடம் கட்டியவர் இல்லாமலே, சாம்பலில் பால் தெளிக்க, காமன் எழுந்தார். அண்ணன் கையிலிருந்த காப்பை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அதோடுதான் கொண்டுபோனோம்.

பொழுது முழுக்க வண்டியைப் பூட்டியபடி காத்திருந்தவருக்கும், மருந்து கொடுத்தவருக்கும், தோள் கொடுத்த லயத்து வரிசை வீட்டு உறவுகளுக்கும், அண்ணியாரை ஒரு நாளும் தனியே விடாத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி என்ற ஒரு சொல் போதாது. ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு காமன் எழுந்த நாளே அண்ணனின் திதி. வேடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வேலு அண்ணன் ரதியாக அழுதார், பால் தெளித்தார்கள். குலவை கேட்டதும் எனக்கு என்ன தோன்றியதோ, அண்ணன் படுத்திருந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன்பே அண்ணியார் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.