பெரிய மணி முந்திக்கொண்ட சனிக்கிழமை

சனிக்கிழமை காலை 11.20. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மஸ்கெலியா பஸ் புறப்பட்டபோது நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய தப்புகளில் அது முதலாவது. மலைப்பாதையில் ஜன்னலோரம் என்பது இயற்கையை ரசிப்பவர்களுக்கானது. எனக்கு உயிரோடு இறங்கினால் போதும். தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு சாலையைத் தாண்டி நீண்டு, கீழே கிடந்த நீர்த்தேக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் திரும்பியது. முன்சீட்டுக் கம்பியை நான் பிடித்திருந்த பிடியில் கம்பிக்கே வலித்திருக்கும்.

பக்கத்தில் லீக்ஸ் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா என் நெற்றி வியர்வையைப் பார்த்தார்.

"மொத தடவைங்களா?"

"ஆமாங்க."

"கண்ண மூடிக்காதீங்க. மூடினா வாந்தி வரும்."

"திறந்தா உயிரே போயிடும் போலிருக்கே."

"அதெல்லாம் போகாதுங்க. டிரைவருக்கு வீடு மஸ்கெலியாவுலதான். பகல் சோத்துக்குப் போயாகணும்ல."

அதற்குப் பிறகு எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது. பசியோடிருக்கும் மனிதன் பள்ளத்தில் விழமாட்டான் என்று நம்பி மிச்ச வளைவுகளைக் கடந்தேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஜெபராஜ். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தங்கள் தோட்டத்துச் சர்ச்சில் மூன்று மணிகள் இருப்பதாகவும், இங்கிலாந்துக் கிராமங்களில் அடிப்பதைப் போலவே ஆளுக்கொரு கயிறு பிடித்து வரிசைமாறாமல் அடிப்பதாகவும் சொன்னார். நான் பாயசத்தின் போதையில் "வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பாயசம் சாப்பிட்டுவிட்டு வாக்குக் கொடுக்கக்கூடாது.

பகல் 1.15. மஸ்கெலியாவிலிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு என்பது ஒரு வதந்தி. மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சர்ச் ஒரு பாறைமுதுகின்மேல் கருங்கல்லில் நின்றது. நூறு பேர் உட்காரலாம். அதன் கீழே தேயிலைச் சரிவில் படிப்படியாக ஏழு லயங்கள். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி வீடுகள். ஆறு லயங்களின் தகரக்கூரைகள் தெரிந்தன. ஏழாவது, மலையின் தோளைச் சுற்றிக்கொண்டு, ஓடைக்கரையில் மறைந்திருந்தது.

ஜெபராஜ் வீட்டில் ரொட்டியும் காய்ந்த மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீரோடு கோபுரத்துக்குப் போனேன்.

மாலை 3.40. கோபுர அறை எங்கள் வீட்டுச் சமையலறை அளவுதான். மேலே பலகைத் தட்டில் மூன்று ஓட்டை. மூன்று கயிறு தொங்கியது. கைபடும் இடத்தில் கம்பளி நூல் சுற்றி, சிவப்பு, நீலம், வெள்ளையென்று அடையாளம் வைத்திருந்தார்கள். ஜெபராஜ் சின்ன மணி. நடுமணி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் முனியாண்டி. பெரிய மணி, புஷ்பராணி. நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்து பறிக்கிறவர், இந்தக் குழுவுக்குத் தலைவி. வாரத்துக்கு ஆறு நாள் மலையில் கொழுந்து, சனி சாயங்காலம் நாலு மணிக்குக் கயிறு.

முனியாண்டியின் நெற்றியில் திருநீறு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நான் பூசைக்கு வர்றதில்லீங்க. கயித்துக்கு மட்டுந்தான்."

"இவரு மாதிரி நடுமணி இழுக்க எங்க சபையில ஆள் இல்ல," என்றார் புஷ்பராணி. "வாய்தான் கொஞ்சம் நீளம்."

வரிசையை எனக்கு விளக்கினார்கள். வழக்கமாகச் சின்னது, நடு, பெரியது என்று மேலிருந்து கீழே இறங்கும். ஆராதனைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், சனிக்கிழமைப் பயிற்சிக்கும் அதுதான். புறப்படும்போது சின்ன மணிக்காரர் குரல் கொடுக்க வேண்டும்: "பாத்துக்க… போகுது… போயிருச்சு!" எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்ததைத் தோட்டம் தமிழாக்கி வைத்திருக்கிறது.

"பெரிய மணியை முதல்ல அடிச்சா?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியது, நடு, சின்னது என்று தலைகீழாக அடித்தால் மண் சரிகிறது என்று அர்த்தம். எடுத்த வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் சர்ச்சுப் பாறைக்கு ஏற வேண்டும். போன மழைக்காலத்தில் இரண்டாம் லயத்துக்குப் பின்னால் மேடு இறங்கி மூன்று வீட்டுப் பின்சுவர் போயிற்று. மணி கேட்டு எல்லாரும் வெளியேறியிருந்ததால் ஆளுக்கு ஒன்றுமில்லை.

"எல்லாரும்னு சொல்லாதீங்க சார்," என்றார் புஷ்பராணி. "ஏழாம் லயத்துல ஒரு குஞ்சு வரல. எம் மக சுகந்தி அங்கதான் இருக்கா, கைப்புள்ளயோட. போன்ல கூப்பிட அங்க சிக்னலும் கெடையாது. அவங்களுக்கு மணி கேக்கவே இல்ல."

"கேட்டிருக்கும்," என்றார் முனியாண்டி. "மழைக்கு இழுத்துப் போத்திட்டுப் படுத்திருப்பாங்க."

"கேட்டிருந்தா எம் மக வந்திருப்பா."

"ஒம் மகளா? காலையில பேர் கூப்புடற பெரட்டுக்கே கடைசி ஆளா வர்றவ."

இந்தச் சண்டைக்குப் பல மாத வயது என்று ஜெபராஜ் என் காதில் சொன்னார். சோதித்துப் பார்க்க வழியில்லை. முன்கூட்டிச் சொல்லி அடித்தால் ஏழாம் லயத்தார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, கேட்டது என்பார்கள். சொல்லாமல் அடித்தால் பொய்யாகிவிடும். ஒருமுறை பொய் சொன்ன மணிக்கு அடுத்தமுறை யார் ஏறி வருவார்கள்? ஆகவே பொய்யாக அடிப்பதில்லை என்று மூவரும் பீடத்தின் முன் நின்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். முனியாண்டி தன் பங்குக்கு மாரியம்மன் முன்பும் கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டபிறகும், மாலை நான்கு மணிக்கு, "நீங்களும் ஒருவாட்டி புடிச்சுப் பாருங்க" என்று புஷ்பராணி பெரிய மணியின் வெள்ளைக் கம்பளியை என் கையில் கொடுத்தார். பெரியது மெதுவாக ஆடும், கடைசியில் வரும், புதியவருக்குச் சுலபம் என்பது அவர் கணக்கு. எனக்கு இரண்டே விதிகள். நடுமணி அடித்தபிறகு இழு. என்ன நடந்தாலும் கயிற்றை விடாதே.

உள்ளங்கை வழுக்கியது. தலைக்குமேலே என்னைவிடப் பலமடங்கு கனமான வெண்கலம் தொங்குகிறது என்று மூளை திரும்பத் திரும்ப அறிவித்தது. ஜெபராஜ் குரல் கொடுத்தார். "பாத்துக்க… போகுது…"

"போகுது" என்றதுமே என் கை போய்விட்டது.

டோம்ம்ம்.

இதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். நான் முந்தியதும் மற்ற இருவரும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன மழையிலிருந்து அந்தக் கைகளுக்கு ஒரு பழக்கம் ஏறியிருந்தது: பெரியது முதலில் கேட்டால் அடுத்தது நடு, அதற்கடுத்தது சின்னது. யோசிக்கக் கூடாது. அவர்கள் யோசிக்கவில்லை. டோம், டங், டிங். நானோ முதல் விதியை மறந்துவிட்டு இரண்டாம் விதியை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கயிறு மேலே போனபோது குதிகால்கள் தரையை விட்டன. அது இறங்கியபோது என் எடையே அடுத்த அடியை அடித்தது. டோம், டங், டிங். புஷ்பராணி "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தியது, நான் நன்றாக இழுப்பதற்கான பாராட்டு என்றே எனக்குப் பட்டது.

ஐந்து சுற்றுக்குப் பிறகு அவர் என்னைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

"கை அதுவாப் போயிருச்சு," என்றார் முனியாண்டி, தன் கையைப் பார்த்தபடி. ஜெபராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாலை 4.25. வெளியே வந்தால் மூடுபனிக்குள்ளிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முதுகில் பிள்ளைகள், கக்கத்தில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் உறைகள். ஒருவர் ரைஸ் குக்கரைச் சோற்றோடு தூக்கி வந்தார். ஓர் அம்மாவின் சேலைக்குள்ளிருந்து கோழி எட்டிப் பார்த்தது. மாரியம்மன் கோயில் பூசாரி குத்துவிளக்கோடு வந்தார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பஸ் காலையில்தான்.

புஷ்பராணி படிமேல் ஏறினார். "மண்ணு சரியல. இந்த சாருக்குப் பழகிக் கொடுத்தோம், தப்பா விழுந்துருச்சு. தப்பு எங்களோடது. மன்னிச்சுக்கங்க."

நான் கும்பிட்டேன். பிறகு ரைஸ் குக்கர்க்காரர், "சாருக்கு எந்த ஊரு?" என்றார்.

"திருச்சிங்க."

"நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் அந்தப் பக்கந்தான். எத்தனையோ தலமொற கழிச்சு நம்மளப் பாக்க ஒரு ஆள அனுப்பியிருக்காங்க. அதுவும் இப்படி ஒரு ஆளு!"

சிரிப்பு கிளம்பியது. ஆனால் கோழிக்கார அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அடுத்த தடவ பெரிசு மொதல்ல அடிச்சா வர்றதா, வேணாமா?"

அதுதான் கேள்வி. புஷ்பராணியின் கண் கூட்டத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது, உதடு எண்ணியது. ஒன்றாம் லயம் இருந்தது. ஆறாம் லயம் இருந்தது. அவர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன். கூட்டத்தின் நடுவே நிற்பதற்கு அட்டைக்கடி மேல்.

ஏழாம் லயத்தை அடைய இருபது நிமிடம். ஓடை செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டிருந்தது, தகரத்தில் மழை. பேச்சே காதில் விழவில்லை. சுகந்தி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை.

"என்னம்மா இந்நேரத்துல? யாரு இது, காலெல்லாம் ரத்தம்?"

"மணி கேட்டிச்சா?" புஷ்பராணி கத்தித்தான் கேட்டார்.

"எந்த மணி? சனிக்கெழமப் பயிற்சி மணியா? ஒண்ணும் கேக்கலியே."

பக்கத்து வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். ஒருவர்கூட இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கவில்லை. புஷ்பராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டிலுக்கும் பின்சுவருக்கும் இரண்டடி. சுவருக்குப் பின்னால் மலை. நான் வாழ்க்கையில் பல தேவையில்லாத விஷயங்களுக்குப் பயந்திருக்கிறேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அந்த இரண்டடி காட்டியது.

மாலை 6.00. ஏழாம் லயத்தார் சிலரோடு திரும்பி வந்தபோது பாறையில் பாதிக்கூட்டம் இன்னும் இருந்தது, குக்கர் காலியாகியிருந்தது. புஷ்பராணி விஷயத்தைச் சொன்னார். முனியாண்டி அவர் பக்கத்தில் வந்து, "நான் பேசுனது தப்பு புள்ள," என்றார்.

பூசாரிதான் வழி சொன்னார். மாரியம்மன் கோயில் மலையின் தோளில் இருக்கிறது. "எனக்குச் சர்ச்சு மணி நல்லாக் கேட்டுச்சு. நம்ம கோயில் மணிய அடிச்சா நேரா ஓடைக்கு எறங்கும். நீங்க தலகீழா அடிங்க, நான் அங்கேருந்து புடிச்சுக்கறேன்."

"அப்ப நாளைக்குக் காலையில பாத்துருவோம்," என்றார் புஷ்பராணி. "எத்தன மணிக்குன்னு சொல்ல மாட்டேன். ஏழாம் லயத்தாளுக கேட்டா மட்டும் வாங்க." பிறகு கோழிக்கார அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கோட சரி. அதுக்கப்புறம் பெரிசு மொதல்ல விழுந்தா கேள்வி கேக்காம வாங்கக்கா. சார் ஊருக்குப் போயிருவாரு."

ஞாயிறு காலை 6.10. பையோடு விடைபெறப் போன என்னிடம் வெள்ளைக் கம்பளியை நீட்டினார் புஷ்பராணி.

"நானா?"

"பெரிச மொதல்ல இழுக்கறதுல உங்களுக்குத்தான் சார் அனுபவம்."

இந்தமுறை என் பயம் வேறு: பதற்றத்தில் சரியான வரிசையில் அடித்துத் தொலைத்துவிடுவேனோ! கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன். டோம், டங், டிங். ஐந்து சுற்று. நிறுத்தினோம். மழையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு மலையின் தோளிலிருந்து கோயில் மணி கிணுகிணுவென்று விடாமல் கிளம்பியது.

வெளியே வந்து நின்றோம். ஐந்து நிமிடம். பத்து. பனி அசையவில்லை. புஷ்பராணி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். முனியாண்டி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு குடை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் வரிசையாக. முதல் குடைக்குக் கீழே சுகந்தி, மாரோடு குழந்தை, கையில் பிளாஸ்டிக் உறை.

புஷ்பராணி படியிறங்கி ஓடிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். நெற்றியில் முத்தமிட்டார். அப்புறம் மகளைப் பார்த்து, "இவ்வளவு நேரமா? பவுடர் போட்டுட்டு வந்தியாடி?" என்றார்.

காலை 8.00. ஹட்டன் பஸ். மறுபடியும் ஜன்னலோரம். உறையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் சங்கச் செயலாளர். அங்கே தீ எச்சரிக்கை மணி ஒன்று நான் பொறுப்பேற்றபிறகு மாட்டியது. போன வருடம் ஒருநாள் அது பத்து நிமிடம் அலறியது. முப்பத்திரண்டு வீட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை; வாட்ஸாப்பில் "யாராவது அதை ஆஃப் பண்ணுங்க" என்று ஒரு செய்தி வந்தது. அனுப்பியது நான்.

பாதை வளைந்து நீர்த்தேக்கத்துக்கு மேலே, சர்ச்சுப் பாறைக்கு நேரெதிரே வந்தபோது ஒன்பது மணி ஆராதனைக்கு முதல் மணி மலையிலிருந்து மெலிதாகக் கேட்டது. பஸ்ஸில் பேச்சு ஒருகணம் நின்றது. சின்னது, நடு, பெரியது. பேச்சு தொடர்ந்தது. முன்சீட்டுக் கம்பியிலிருந்து நானும் கையை எடுத்தேன்.