ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம்

அடுத்தவர் வியாதியை ஊருக்கே கேட்கும்படி சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். ரேஷன் கடையோ, பஸ் ஸ்டாண்டோ, கூட்டத்தை வரிசையில் நிறுத்தும் வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு சட்டென்று புரிந்துவிடும். எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம்.

குழாய் வந்தது

அதுவரை வெளிநோயாளிகளை ஒருவர் வாசலில் நின்று கத்திக் கூப்பிடுவார். அவர் ஓய்வு பெற்றதும் மைக் வாங்கினார்கள். எனக்குக் குரலே எழும்பாது. மைக் இருக்கும்போது குரல் எதற்கு என்று என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு ஒலிபெருக்கிக் குழாய் முற்றத்தில், இன்னொன்று வெளியே டீக்கடைக்கு மேலே வேப்பமரத்தில். பெயரை மட்டும் சொன்னால் அதே பெயரில் நாலு பேர் எழுந்து வருவார்கள். அதனால் பெயர், ஊர், பிரிவு மூன்றையும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

முதல் வாரமே என் அறை ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். சௌராஷ்டிரா நெசவாளர், மூலத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். முந்தின தடவை அவர் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டதாம். ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்களாம். கோபப்படாமல்தான் கேட்டார்: "எம் பொண்டாட்டிகிட்டயே நான் இன்னும் சொல்லல தம்பி. நீங்க முந்திக்கிட்டீங்களே."

ரெண்டு தட்டு

செல்லம்மா உசிலம்பட்டிப் பக்கம். இடது கையில் உணர்ச்சியில்லாத ஒரு தேமல். குஷ்டம்தான், ஆனால் ஆரம்பம். விடாமல் மாத்திரை சாப்பிட்டால் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதாமாதம் சந்தைக்குப் போவதுபோல ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாங்கிப்போவார். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. தோல் பிரிவு என்றாலே என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்து பஸ்ஸில் வருகிற குழந்தைக்கும் தெரியும்.

என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். விஷயம் வெளியே போனால் கல்யாணம் நின்றுவிடும். உத்தரவை நான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழியும் கண்டுபிடித்தார்: "பேரச் சொல்ல வேணாம் தம்பி. மைக்க ரெண்டு தட்டு தட்டுங்க. நான் எந்திரிச்சு வந்துக்கிறேன்."

மைக்கை யார்தான் தட்டுவதில்லை? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு தோல் பிரிவில் இன்னும் சிலர் அதையே கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. அங்கேதான் கெட்டது. தட்டினால் எழுந்திருப்பவர்கள் யார் என்று டீக்கடை பெஞ்சு கவனிக்க ஆரம்பித்தது. கடைக்கார அண்ணன் ஒருநாள் கிளாசைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீ பேரச் சொல்லிக் கூப்பிட்டப்பக்கூட இம்புட்டுப் பேரு திரும்பிப் பாக்கல மாப்ள."

பொதுமக்கள் கருத்து

இந்த மைக் பற்றி நோயாளிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. பெரிய டாக்டர் நல்லவர். பேருக்குச் செய்யாமல், உண்மையாகவே கேட்டார். முற்றத்தில் எல்லோரையும் உட்கார வைத்து மைக்கிலேயே கேட்டார். ஊரையும் பிரிவையும் சொல்லிக் கூப்பிடுவதில் ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம். தோல் பிரிவுக்கு வருகிறவர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

செல்லம்மா தூணோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முந்தானைக்குள் இருந்தன. ஒரு கைகூட எழவில்லை. டாக்டர் இரண்டாவது தடவையும் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி, தட்டுவது குழப்பம் தருகிறது, இனி முழுசாகவே அறிவிக்கலாம் என்றும் சேர்த்தார்கள். கூட்டம் கலைந்தபின் செல்லம்மா ஜன்னலோரம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கையத் தூக்கியிருந்தா, ஒனக்கு என்னன்னு பக்கத்துல இருக்கவ கேட்டிருப்பாளே தம்பி."

சம்பந்தி

அடுத்த மாத்திரை நாளில் ஆபீசிலிருந்து ஒருவர் என் பக்கத்திலேயே நின்றார், உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க. செல்லம்மாவின் முறை வந்தது. பெயர், ஊர், தோல் பிரிவு. யாரும் வரவில்லை. வழக்கப்படி மறுபடி சொன்னேன். அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சைக் கவனித்தேன். செல்லம்மா பக்கத்தில் கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர். மாப்பிள்ளையின் அப்பா என்று பின்னால் தெரிந்தது; கண் காட்ட வந்தவர் தற்செயலாக அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "என்ன தங்கச்சி, ஒன்னையத்தான கூப்பிடுறாக?" என்றார்.

செல்லம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு செல்லம்மாண்ணே. வாங்க, பஸ்ஸப் பிடிப்போம்."

கை

அதற்குப்பின் அவர் வரவில்லை. கார்டு போடலாம் என்றால், கிராமத்தில் தபால்காரர் படித்துக் காட்டித்தான் கொடுப்பார். யார் மூலமாவது சொல்லி அனுப்பலாம் என்றால், அந்த யாருக்கும் காரணம் சொல்ல வேண்டும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று மட்டும் காதில் விழுந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் திரும்ப வந்தார். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். இனி விரல் நிமிராது என்பதையும் சொல்லிவிட்டார். நான் ஜன்னலில் குனிந்து, அடுத்த தடவை கூப்பிடாமலே உள்ளே அனுப்பச் சொல்கிறேன் என்றேன். அவர் அந்தக் கையை ஜன்னல் கட்டை மேல் எடுத்து வைத்தார். "நீங்க சத்தமாவே கூப்பிடுங்க தம்பி. இதப் பாத்தபெறகு யாரு ஒங்க குழாயக் கேக்கப் போறாக?"

ஊர் கூடியிருக்கும்போது கருத்துக் கேட்கும் வழக்கம் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஏனென்றால், ஒவ்வொரு முறையும் எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள்.