பராஸ்கா உட்கார்ந்து சாப்பிட்ட நாள்

டெர்னிவ்காவில் சாவதற்குக்கூட நேரம் காலம் பார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் எல்லாம் கரடியாற்றின் இந்தக் கரையில். செத்தவர்கள் எல்லாம் அந்தக் கரையில். ஊரே முதலில் அந்தக் கரையில்தான் இருந்தது. ரயில் இந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பனிக்காலமே வீடுகளை மரச்சட்டங்களின் மேல் ஏற்றி, குதிரைகளைப் பூட்டி, உறைந்த ஆற்றின் மேல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தேவாலயத்தைக்கூட மணியோடு இழுத்து வந்தார்கள். கல்லறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யார் பார்த்தார்கள்? அந்த ரயிலும் நின்று, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போயாயிற்று. கல்லறை மட்டும் அங்கேயே இருக்கிறது.

கோடையில் பிணம் கம்பிவடத்தில் ஓடும் தெப்பத்தில் போகும். பனிக்காலத்தில் ஐஸ் மேல் வண்டியில் போகும். ஐஸ் உடையும் ஏப்ரல் இருக்கிறதே, அது இரண்டுங்கெட்டான் காலம். நடந்தால் ஐஸ் வாயைப் பிளக்கும், தெப்பத்தை இறக்கினால் பாளம் பாளமாக வந்து இடிக்கும். அப்போது சாகிறவர்களை ஊரே திட்டும்.

எப்போது செத்தாலும், புதைத்துவிட்டு வந்தவர்களுக்குத் தேவாலயத்துக் கூடத்தில் சாப்பாடு போட வேண்டும். அந்தச் சாப்பாடு பராஸ்காவின் பொறுப்பு. முதலில் தேன் கலந்த கோதுமை, பிறகு பீட்ரூட் சூப்பு, பிறகு ஹொலுப்சி. சோற்றை முட்டைக்கோஸ் இலையில் பொதிந்து, சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருட்டி, பெரிய சட்டியில் அடுக்கி அவிக்க வேண்டும். எழுபதைத் தாண்டிவிட்டாள். முட்டி இரண்டும் போயிற்று. கூடத்துச் சமையலறையின் சாவி ஒரு கயிற்றில் கோத்து அவள் கழுத்திலேயே கிடக்கும். யார் வீட்டுச் சாவுக்குத் தேவாலய மணி அடித்தாலும் அவள் பெருமூச்சு விடுவாள். போனவருக்காக அல்ல, முட்டைக்கோஸை நினைத்து.

அவள் கணவன் மெட்ரோ சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்து நாற்காலியின் மேல் தொப்பியை வைத்து இடம் பிடித்திருப்பான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

"அடியே, ஒரு தடவையாவது என் பக்கத்துல வந்து உக்காந்து சாப்பிடேன். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் என்னைப் பொண்டாட்டி இல்லாதவன்னு நெனைக்கிறான்."

"நான் உக்காந்தா சூப்பு தானா நடந்து வருமா? வாய மூடிட்டுத் தின்னு கெழவா."

அவன் தொப்பியை எடுக்கவே மாட்டான். கடைசி ஆள் எழுந்து போகும்வரை அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.

ஒரு வருஷம் அறுவடை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் கூடினார்கள். பராஸ்கா சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "என்னால ஆகல. யாராச்சும் எடுத்துக்கங்க."

ஒருத்தியும் கை நீட்டவில்லை. பக்கத்து வீட்டு யெவ்காதான் வாயைத் திறந்தாள். "எடுத்துக்கலாம் அக்கா. ஆனா நீங்க குடுப்பீங்களா? சாவியைக் குடுத்துட்டு, பின்னாலயே நின்னு கண்ணாலயே கொல்லுவீங்க."

பராஸ்காவுக்குச் சுருக்கென்றது. காரணம் அவளுக்கே தெரியும். பல வருஷங்களுக்கு முன் யெவ்கா ஒரு தட்டு நிறைய ஹொலுப்சி சுருட்டி வைத்திருந்தாள். பராஸ்கா அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய் பேசாமல் மறுபடி சுருட்டினாள். அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் மற்றப் பெண்கள் உருளைக்கிழங்கு உரிப்பதோடு சரி. "பிரிச்சுப் பார்க்கிற மகராசி பார்த்துக்கட்டும்" என்று ஒதுங்கிவிட்டார்கள். தன் கையாலேயே தனக்கு வைத்துக்கொண்ட வினை. அவள் சாவியை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பனிக்காலம் ஊரில் வரிசையாக மணி அடித்தது. மார்ச் முடிவதற்குள் பராஸ்காவுக்கு நின்ற இடத்திலேயே கண் சொருகியது. மெட்ரோ அவள் முட்டிக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துவிடுவான்.

"நான் செத்தா நீ ஒண்ணும் சமைக்கக் கூடாது, தெரியும்ல? சாவு விழுந்த வீட்டுப் பொம்பள மாவைத் தொடக் கூடாது. அன்னைக்கு எப்படி உக்காராம இருப்பேன்னு பாக்குறேன்."

"செத்தா எப்படிடா பாப்ப? போறதா இருந்தா ஐஸ் கெட்டியா இருக்கும்போதே போய்ச் சேரு. ஏப்ரல்ல என்னை அலைய வைக்காதே."

சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டான்? ஏப்ரல் முதல் வாரம், வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கால் பூட்ஸை மாட்டினான். மறுகாலுக்குக் குனிந்தவன் நிமிரவில்லை. பராஸ்கா அவனைத் தாங்கிக்கொண்டு, "ஏப்ரல்ல வேண்டாம்னு சொன்னேனே, பாவி" என்று அழுதாள்.

உடலை நெடுஞ்சாலையோரம் இருந்த பெரிய ஊரின் பிணக் குளிர் அறைக்குக் கொண்டுபோனார்கள். தெப்பக்காரன் ஸ்டெஃப்கோ தினமும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்ல பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போவான். புதைக்கும்வரை அவள் அடுப்பைத் தொடக் கூடாது, வீட்டைப் பெருக்கவும் கூடாது. அண்டை அயலார் கொண்டுவருவதைத் தின்றுவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆற்றில் ஐஸ் டமார் டமாரென்று வெடிப்பது வீடுவரை கேட்டது. இத்தனை வருஷம் ஓய்வு ஓய்வு என்று ஏங்கியவளுக்கு ஓய்வு வந்த நேரத்தைப் பாருங்கள்.

ஒரே கவலைதான் அவளை அரித்தது. மெட்ரோவுக்கு யார் சமைப்பார்கள்? ஊரில் போன ஒவ்வொருவனுக்கும் சுருட்டிப் போட்டவள் அவள். அவள் புருஷன் போனால் கடையில் வாங்கிய ரொட்டியும் கேக்கும்தானா? யாரைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது?

நாலைந்து நாள் கழித்து யெவ்காவின் புருஷன் இவான் ரொட்டித் துண்டு கேட்டு வந்தான்.

"ஏன், உன் வீட்டுல என்ன கேடு?"

"முட்டைக்கோஸ் கேடு அக்கா. காலையில முட்டைக்கோஸ், ராத்திரி முட்டைக்கோஸ். மூணு பொம்பளைங்க சேர்ந்து சுருட்டுறாளுங்க, அவிக்கிறாளுங்க, பிரிஞ்சு போவுது. பிரிஞ்சதெல்லாம் என் தட்டுல. என் வயிறு பீப்பா மாதிரி ஊதிப் போச்சு." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, சொல்லக் கூடாதுன்னு சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் போனதும் பராஸ்கா பூட்ஸை மாட்டினாள். பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிக் கதவுவரை போய்விட்டாள். யெவ்கா வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஆவி படர்ந்திருந்தது. ஆவி படியாத ஓரம் வழியாக யெவ்காவும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து நிற்பது தெரிந்தது. இலையின் தண்டைச் சீவாமலே சுருட்டினார்கள். பிரியாமல் என்ன செய்யும்? கதவைத் தட்டி, தண்டை சீவுங்கடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டுவதற்குக் கைகூட எழுந்துவிட்டது.

அந்தக் கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு ஹொலுப்சியைப் பிரித்துப்போட்டதற்கு இத்தனை வருஷம் தண்டனை அனுபவித்தாயிற்று. மெட்ரோவுக்காக இன்னொரு தட்டைப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்குத் திரும்பினாள். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டு நடந்த நடை.

ஏப்ரல் கடைசியில் ஆறு தெளிந்தது. ஸ்டெஃப்கோ தெப்பத்தை இறக்கினான். முதல் பயணம் மெட்ரோவுக்கு. அந்தக் கரையில் மண் இன்னும் பாதி உறைந்திருந்தது. வைக்கோலைக் கொளுத்தி இளக்கித் தோண்டியிருந்தார்கள். பாதிரியார் பாடினார், எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள், திரும்பினார்கள்.

கூடத்தில் மேசை போட்டிருந்தது. சமையலறையைக் காலையிலேயே பராஸ்கா திறந்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள், சாவி அவள் கழுத்திலேயே இருந்தது. வழக்கப்படி செத்தவனுக்கும் ஒரு தட்டு, ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியின் மேல் மெட்ரோவின் தொப்பி இருந்தது. இவான்தான் அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்தான். பராஸ்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யெவ்கா ஹொலுப்சித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று பாதி அவிழ்ந்து சோறு வெளியே எட்டிப் பார்த்தது. பராஸ்கா ஒன்றை வாயில் வைத்தாள். உப்பு தூக்கலாக இருந்தது, அரிசி நடுவில் வேகவில்லை. மென்றாள், விழுங்கினாள், தட்டைக் காலி செய்தாள்.

"இன்னும் ரெண்டு வை" என்றாள்.

யெவ்கா இடுப்பில் கட்டியிருந்த துணியில் மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே ஓடினாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைக் கையில் எடுத்தார்கள்.

பாதிரியார் மறுபடி எழுந்து நின்று 'நித்திய நினைவு' என்ற துக்கப் பாட்டைப் பாடத் தொடங்கினார். எல்லோரும் எழுந்தார்கள், பராஸ்கா எழவில்லை. துக்கத்தில் தலை கவிழ்ந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். அடுத்த வரி முடிவதற்குள் குறட்டை கேட்டது. இவானுக்குச் சிரிப்பு வந்தது, யெவ்கா அவன் காலை மிதித்தாள். ஒருவரும் அவளை எழுப்பவில்லை. தட்டுகளைச் சத்தம் வராமல் எடுத்தார்கள், சத்தம் வராமல் கழுவினார்கள்.

அவள் கண் விழித்தபோது கூடம் காலி. அவள் தோளில் யாருடைய கோட்டோ போர்த்தியிருந்தது. இவான் மட்டும் கதவோரம் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவள் கை வழக்கம்போலக் கழுத்துக்குப் போயிற்று. கயிறு இல்லை.

"சாவி எங்கடா?"

"எனக்கு எதுவும் தெரியாது அக்கா. உங்களைப் பத்திரமா வீட்டுல விடச் சொன்னா, அவ்வளவுதான்."

பராஸ்கா சமையலறைக் கதவருகே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெரிய சட்டியை மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அது கீழ்த்தட்டில் இருக்க வேண்டியது. கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

மெட்ரோவுக்குப் போட்டிருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "உக்காந்துட்டேன், போதுமா?" என்றாள். தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இவானின் கையைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள்.