ஆய்வாளர் வாய் திறந்த புதன்கிழமை

என் பிள்ளைகள் ஆரணிக்கும் கவினுக்கும்,

நீங்கள் இரண்டு பேரும் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எடுங்கள். தெரியாத சொல் வந்தால் என்னிடம் கேளுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டாம். அவர் சொல்லுக்கு அர்த்தம் சொல்லப் போய்க் கதையையே தன் பக்கம் திருப்பிவிடுவார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோறா புட்டா என்று அம்மா கேட்டால், நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் இருவரும் ஒரே குரலில் "லெ தெ கொத்தே", ரெண்டு பக்கமும் என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அது எங்கே போய் நின்றது என்பது தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன்.

இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாத ஒரு விசயம் இருக்கிறது. பாண் வாங்க வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்கிற, முன்பின் தெரியாத ஒரு வயதான மதாம் திரும்பி, "இந்த அரசாங்கத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது, இல்லையா முஸ்யு?" என்று கேட்கிறார். மழை வரும்போல இருக்கிறது இல்லையா என்று கேட்கிற அதே குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்கிறார். நான் பாணைப் பார்ப்பேன். பிறகு "உய் மதாம்", ஓம் அம்மா என்று சொல்லி, கொஞ்சம் பொறுத்து "நொன் மதாம்", இல்லை அம்மா என்றும் சொல்லுவேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். எனக்கும் அதுதான் தேவை.

போர்க்காலத்தில், ஊரில் எங்கள் சந்திச் சலூனில் ஒரு பலகை தொங்கியது. "இங்கு அரசியல் பேச வேண்டாம்." முடி வெட்டுகிற கூலி எழுதிய பலகையைவிட அது பெரிது. நாங்கள் அதைச் சலூனுக்கு மட்டும் என்று எடுக்கவில்லை, முழு ஊருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கிழமை ஒருவர் வந்து நீ எந்தப் பக்கம் என்று கேட்பார். அடுத்த கிழமை வேறொருவர் வந்து அதையே கேட்பார். கேட்கிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டோம், காலில் என்ன சப்பாத்து என்று பார்த்துத்தான் பதிலை யோசிப்போம். எல்லாச் சப்பாத்துக்கும் நான் ஒரே பதில் வைத்திருந்தேன்: "நான் கவனிக்கேல்லை." அந்த இரண்டு சொல்லோடுதான் நான் உயிரோடு விமானம் ஏறினேன். இதில் மட்டும் பகிடி இல்லை.

இங்கே வந்த பிறகு அந்தப் பதில் மறந்துபோயிருக்கும், தொசியே என்ற ஒன்று இல்லாவிட்டால். தொசியே என்றால் குடியுரிமைக்காக நாங்கள் எங்கள் பகுதி அரச அலுவலகமான பொபினி பிரெஃபெக்சரில் கொடுக்கும் கோப்பு. அம்மா எனக்கு முன்பே கொடுத்து, முன்பே பிரெஞ்சுக்காரியாகிவிட்டார். அவரோடு சேர்ந்து நீங்கள் இருவரும். ஆக, எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பிரெஞ்சுக்காரரும் ஒரு வெளிநாட்டுக்காரனும் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். கவின் ஒருநாள் என்னிடம், "அப்பா, உங்களை நாங்கள் திருப்பி அனுப்பலாமோ?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ பகிடிக்குத்தான் கேட்டாய். நான் சிரித்துவிட்டு, அன்று இரண்டு தரம் பாத்திரம் கழுவினேன்.

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஆருக்குத் தொசியே உள்ளே இருக்கிறது என்பதை நீங்கள் சிவப்பு விளக்கில் கண்டுபிடிக்கலாம். ஒரு வாகனமும் இல்லாத தெருவில், எல்லாரும் கடந்துபோக, ஒரு தமிழர் மட்டும் பச்சை வரும்வரை நிமிர்ந்து நிற்கிறார் என்றால் அவருக்கு உள்ளே இருக்கிறது. எனக்குப் படிவம் நிரப்பித் தந்த குணம் அண்ணை தெளிவாகச் சொல்லியிருந்தார்: "தம்பி, முடிவு வருமட்டும் வாயைத் திறக்காதையும். அரசியலைப் பற்றி ஆரும் கேட்டால், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு எண்டு சொல்லும். அவங்களுக்குத் தமிழ் தெரியாது எண்டு நினைக்காதையும். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாங்கள்." நான் நம்பினேன். லா சப்பலில் எல்லாரும் நம்பினோம்.

அது, ஓய்வு பெறும் வயதை அறுபத்திரண்டிலிருந்து அறுபத்துநாலுக்கு ஏற்றப் போகிறார்கள் என்று நாடே தெருவில் நின்ற குளிர்காலம். வேலைநிறுத்தத்தில் ரயில்கள் ஓடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு நேசன் அண்ணை தேத்தண்ணி குடிக்க வந்தார். பகலில் வாகனக் காப்புறுதி செய்து கொடுப்பவர். புதன்கிழமை பின்னேரத்தில் எங்கள் சமூக வானொலியில் "நாற்பது நிமிட நாட்டு நடப்பு" நடத்துபவர். வழக்கமாக வந்து பேசும் மாஸ்டருக்குப் புறநகர்ச் செவ்ரானிலிருந்து வர ரயில் இல்லை என்று கவலையோடு இருந்தார். நான் உள்ளே சட்டி தேய்த்தபடி எங்கள் சமையல்காரருக்குப் பென்சன் கணக்கை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். நேசன் அண்ணை தலையை நீட்டினார்.

"தம்பி, உமக்கு இவ்வளவு விசயம் தெரியுமோ?"

"டிவியிலை பாத்தது அண்ணை."

"அதுதானே ஆய்வு. நாளைக்கு உமக்கு லீவுதானே? வாரும்."

மாட்டேன் என்றேன். தொசியே என்றேன். "பேர் சொல்லாமல் விடுறன்" என்றார். அதில்தான் நான் விழுந்தேன். வானொலியில் வந்து பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கலையகம் ஒரு சேலைக் கடைக்கு மேல் இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை. மைக்குக்கு ஆரோ ஒரு காலுறையை மாட்டிவிட்டிருந்தார்கள். எங்கள் வானொலியில் ஒரு வழக்கம்: மைக்குக்கு முன்னால் எவர் வந்து இருந்தாலும் ஆய்வாளர்தான். மரக்கறி விலையைப் பற்றிப் பேசியவர் பொருளியல் ஆய்வாளர். முழங்கால் வலியைப் பற்றிப் பேசியவர் மருத்துவ ஆய்வாளர். நேசன் அண்ணை குரலைத் தாழ்த்தி, "இன்று எங்களோடு, பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அரசியல் ஆய்வாளர்" என்றார். பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டதால் பாரிஸ் முழுக்கக் காதைக் கூராக்கிக்கொண்டு இருந்துவிட்டது.

முதலாவது நேயர் செவ்ரானிலிருந்து வந்தார்.

"வணக்கம் அண்ணை, உங்களுக்கும் வணக்கம், ஆய்வாளருக்கும் வணக்கம், கலையகத்திலை இருக்கிற எல்லாருக்கும்..."

"எல்லாரும் எண்டால் நாங்கள் ரெண்டு பேர்தான். ரேடியோச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் கேள்வியைக் கேளுங்கோ" என்றார் நேசன் அண்ணை.

"அறுபத்துநாலு சரியோ பிழையோ?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றேன்.

"அப்ப ஆர் பிழை?"

"பிழையும் ரெண்டு பக்கமும் இருக்கு."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

"பொறுத்திருந்து பாருங்கோ."

"எத்தினை வயசு மட்டும்?"

நேசன் அண்ணை அவசரமாக அடுத்த அழைப்பை எடுத்தார். பாண்டிச்சேரிப் பெரியவர் ஒருவர்.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் கவர்மெண்டு உத்தியோகம் பார்த்து இப்ப ரெத்ரேத்ல இருக்கேங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேரு சொல்ல மாட்டேங்கறீங்களே, நீங்க எந்த மினிஸ்தேர்லேர்ந்து பேசறீங்க?"

என்னை ஏதோ ஒரு அமைச்சின் ஆள் என்று அவர் நினைத்துவிட்டார். நான் நேசன் அண்ணையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அதைச் சொல்ல முடியாத நிலையில் எங்கள் விருந்தினர் இருக்கிறார்" என்றார். அது உண்மையும்தான்.

மூன்றாவது அழைப்பு உங்களுக்குத் தெரியும். பின்னால் நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"வணக்கம். நான் பொபினியிலை இருந்து கதைக்கிறன்."

உங்கள் அம்மாவின் குரல். நேசன் அண்ணை அவரைக் கண்டதில்லை. "சொல்லுங்கோ சகோதரி" என்றார்.

"நான் விடிய அஞ்சு மணிக்கு ஒபீசுகள் கூட்டித் துடைக்கிற வேலை. பன்னிரண்டு வருசம். வலது தோள் இப்ப தலைக்கு மேலை எழும்பாது. என்ரை மனுசன் கடையிலை பாத்திரம் கழுவுறவர். லீவு நாளிலை டிவிக்கு முன்னாலை இருந்து அமைச்சரைப் பேசுற பேச்சு, நீங்கள் கேட்டால் காதைப் பொத்துவியள். வாசலைத் தாண்டினால் ஆள் ஊமை."

"ஒருநாளைக்கு அவரையும் எங்கடை நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன் சகோதரி" என்றார் நேசன் அண்ணை.

"அவர் வந்தும் பிரயோசனமில்லை. நான் ஆய்வாளரைத்தான் கேக்கிறன். இந்தத் தோளோடை நான் இன்னும் ரெண்டு வருசம் கூடக் கூட்டுறது நியாயமோ? எனக்கு ரெண்டு பக்கம் வேண்டாம். ஒரு பக்கத்தைச் சொல்லுங்கோ."

நேசன் அண்ணை கையால் சைகை காட்டினார், பேசும் பேசும் என்று. உங்கள் அம்மா காலையில் உடுப்பு மாட்டும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி விடுவார். நான் அதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன்.

"நியாயமில்லை, சகோதரி."

கட்டின மனுசியை ஊருக்கே கேட்கச் சகோதரி என்று கூப்பிட்டவன் பாரிசில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு நடந்ததை நீங்கள் வானொலியில் கேட்டீர்கள். அமைச்சர் ஒருநாள் வந்து எங்கள் கடை பிரியாணிச் சட்டியைத் தேய்த்துப் பார்க்கட்டும் என்றேன். அவருக்கு இரும்பு நார் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். மேசையில் குத்தியதில் மைக் சாய்ந்து, காலுறை கழன்று விழுந்தது. நாற்பது நிமிட நிகழ்ச்சி ஐம்பத்தைந்து நிமிடம் போனது. அடுத்த நாள் வேலைக்குப் போனால் சமையல்காரர், "மினிஸ்தேர் ஐயா, சட்டி ஊறப் போட்டிருக்கு" என்றார்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த பாதி. இரண்டு கிழமை கழித்துப் பிரெஃபெக்சரிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. குணம் அண்ணையிடம் ஓடினேன். அவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது ரேடியோவாலைதான்" என்றார். நேர்முகத்துக்காகப் பிரான்சின் ஆறுகளையும் அரசர்களையும் பாடமாக்கியபோது என்னைக் கேள்வி கேட்டது நீங்கள்தான். என் மனம் ஆறுகளில் இல்லை என்பதை நான் உங்களிடம் சொல்லவில்லை. வீட்டில் நான் மட்டும் வெளிநாட்டுக்காரனாகவே இருந்துவிடுவேனோ, அதுவும் ஒரு பிரியாணிச் சட்டிக்காக, என்பதுதான் என் யோசனை.

உள்ளே இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு மதாம். அங்கே பிரெஞ்சில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். என் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"நீங்கள் ஏதாவது சங்கங்களில், பொதுவேலைகளில் ஈடுபடுகிறீர்களா?" என்று கேட்டார். படிவத்தில் இருந்த கேள்வி. எல்லாரிடமும் கேட்பது. உதைபந்தாட்டக் கழகம், கோயில், பாடசாலைப் பெற்றோர் சங்கம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கோ, பிடித்துவிட்டார்கள் என்று பட்டது.

"ஓம் மதாம். வானொலியில். ஒரே ஒரு தடவைதான். என் மனைவி கேட்டபடியால்."

"உங்கள் மனைவி வானொலியில் வேலை செய்கிறாரா?"

"இல்லை. அவர் வீட்டிலிருந்து சகோதரியாக அழைத்தார்."

"உங்கள் சகோதரி அழைத்தாரா?"

"இல்லை மதாம், மனைவிதான். ஆனால் நான் சகோதரி என்றுதான் சொன்னேன்."

மதாம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எதைப் பற்றிப் பேசினீர்கள்?"

"ஓய்வு வயதைப் பற்றி."

"என்ன சொன்னீர்கள்?"

பிள்ளைகளே, குணம் அண்ணை சொல்லித் தந்த வசனம் என் நாக்கின் நுனியில் பிரெஞ்சில் தயாராக நின்றது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. மதாமின் சப்பாத்து மேசைக்குக் கீழே இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

"சரியில்லை என்று சொன்னேன் மதாம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அது உங்கள் உரிமை, முஸ்யு" என்றார். கழிப்பறை இடது பக்கம் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். எதையோ தட்டி எழுதினார். பிறகு, "பிரான்சின் ஆக நீளமான ஆறு எது?" என்று கேட்டார். லுவார் என்றேன். அவ்வளவுதான். இங்கே வந்த பிறகும் பதினாறு வருடமாக நான் சுமந்த பயத்துக்கு அவர் அரை நிமிடம்கூட ஒதுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்த பிறகு எழுதினால் இது வென்றவன் கதையாகவோ தோற்றவன் கதையாகவோ மாறிவிடும். எனக்கு அது இரண்டும் வேண்டாம். அப்பா என்ன சொன்னார் என்பதை மட்டும் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டின் பாடசாலையில் உங்களுக்கு ஆறு வயதிலேயே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுப் பழக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விக்கு நாற்பத்தொன்பது வயதில்தான் பதில் வந்தது. சுணங்கினதற்குக் காரணம் நான் மொக்கன் என்பதல்ல.

நேர்முகம் முடிந்து அப்படியே வேலைக்குப் போனேன். மெட்ரோ வாசலில் ஒரு தொழிற்சங்கப் பெண், ஓய்வு வயதை ஏற்றுவதற்கு எதிரான துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றாள். கை நீட்டி வாங்கினேன். ஐந்தாம் இலக்க மெட்ரோவில் யன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை மடியில் விரித்து, பேனையை எடுத்து, ஒவ்வொரு பிரெஞ்சு வரிக்கும் மேலே இருந்த ஒடுங்கிய வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டு போனேன். தெரியாத சொல்லுக்கு இடம் விட்டேன். எல்லாம் என் பக்கத்து நியாயம்தான். மூன்றாம் பந்தியில் மட்டும், எல்லாத் தொழிலாளர்களும் ஒரே மாதிரிக் களைக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. ரயில் இரண்டு நிலையம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு, உங்கள் அம்மாவின் வலது தோளை யோசித்தேன். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், "இது பிழை" என்று தமிழில் எழுதினேன். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே பிரெஞ்சிலும் அதையே எழுதினேன்.