தப்புக்காய்

என் ஓரகத்தி கிருஷ்ணவேணி நடத்துகிற சம்மர் கேம்ப்புக்கு சிலபஸ் கிடையாது. திண்டிவனத்தில் இப்போது தெருவுக்கு ஒரு கேம்ப். அபாகஸ், கராத்தே, கையெழுத்துப் பயிற்சி என்று ஆளுயரத்துக்கு பேனர் கட்டியிருப்பார்கள். வேணியிடம் பிள்ளைகளைச் சேர்க்க வந்த ஒரு அப்பா, "இங்க என்னென்ன கத்துக் குடுப்பீங்க மேடம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. வேல இருக்கும், செய்வாங்க. பசிக்கும், சாப்புடுவாங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நாலு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? ஆனால் அந்த அப்பா இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துவிட்டுத்தான் போனார்.

என் கணவரின் தம்பி வேங்கடேசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேணி. நான் திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் எனக்கு யூனிஃபார்ம் சீசன், மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியும் கடையைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு மயிலம் பஸ் ஏறி, அங்கிருந்து மினிபஸ் பிடித்து, அவள் நிலத்துக்குப் போய் அத்தனை பிள்ளைகளுக்கும் சமைத்துப் போடுகிறேன். சொந்தம் என்பதற்காக மட்டும் நான் இவ்வளவு தூரம் போகிறவள் இல்லை. என் கணவரைக் கேட்டால் தெரியும்.

கேம்ப் ஆரம்பித்ததே ஒரு விபத்து. வேங்கடேசன் பள்ளி வேன் ஓட்டுகிறான். ஒரு மே மாதம், வேனில் வருகிற அண்ணன் தங்கை இருவரின் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேங்கடேசன் பெரிய மனது பண்ணி, ஒரு வாரத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் அவனையும் வேனையும் சேர்த்து வாசலோடு அனுப்பியிருப்பேன். வேணி அப்போது கேப்பைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "செருப்ப கழட்டாதீங்க, தாளு குத்தும். அறுத்துப் போட்டத அந்தாண்ட எடுத்து வைங்க" என்றாளாம். அவ்வளவுதான் வரவேற்பு. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைகள் மறுபடி போகணும் என்று அழுது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தன. இப்போது ஒவ்வொரு மே மாதமும் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்.

பிள்ளைகளுக்காக நிலத்தில் எதையும் ஜோடித்து வைக்க மாட்டாள் வேணி. ஒரு அம்மா தன் மகன் ஏர் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றாள். "ஏரு இல்லீங்களே. போன் பண்ணா டிராக்டர் வரும்" என்றாள் இவள். மோட்டாரையும் செல்போன் ஸ்டார்ட்டர் வைத்து, போன் பண்ணித்தான் போடுகிறாள். இன்றைக்கு யார் மோட்டாருக்குப் போன் பண்ணுவது என்று காலையில் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் வீணாய்ப் போனால், யார் உடைத்தார்களோ அவர்களே மண் போட்டு அடைக்க வேண்டும். சின்னப் பிள்ளை பாவம் என்று இவள் போய் அடைக்க மாட்டாள். அடைத்து முடிக்கும்வரை வெயிலில் கூடவே நிற்பாள். இப்படி நிற்கிறாள் பாருங்கள், அதுதான் அவள். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

போன வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல். வேர்க்கடலை என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியுமென்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஒரு துண்டு, கிழக்கே ஒரு துண்டு. மேற்குத் துண்டை முதலில் பிடுங்கினார்கள். வருஷா வருஷம் ஆள் கூட்டிக்கொண்டு வருகிற பாக்கியமேரிதான் அந்த முறையும் பெண்களைக் கூட்டிவந்தாள். இரண்டு நாளாக கரண்ட் சரியாக இல்லாமல் நிலம் போதுமான அளவு நனையவில்லை. செடியை இழுத்தால் பாதிக் காய் காம்பு அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்படி நின்றுபோகிற காய்க்கு எங்கள் பக்கம் தப்புக்காய் என்று பெயர். கைக்குத் தப்பியது, அதனால் தப்பு. பாவ புண்ணியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிலத்துக்காரர் செடியைத் தூக்கிய பிறகு, பிடுங்கிய பெண்கள் களைக்கொத்தோடு வந்து மண்ணைக் கிளறி அதைப் பொறுக்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பெண்கள் மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பொறுக்க வரவில்லை.

அந்த நாளில்தான் வினை. வேணி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெறும் நிலத்தில் காலால் நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் காய் கிடைத்துவிட்டது. புதையல் கிடைத்த மாதிரி ஒரே கூச்சல்.

"ஆண்ட்டி, இது யாருக்கு?" என்று ஒரு குரல்.

வேணி மூட்டையைத் தோளில் வைத்தபடியே, "அது தப்புக்காயி. ஆரு எடுத்துக்கினாலும் அவங்களுக்குதான்" என்றாள்.

அவ்வளவுதான். மண்ணைக் கிளற என் சமையல் கரண்டி முதற்கொண்டு பறிபோனது. சாயங்காலம் பார்த்தால் நிலம் முழுக்கப் பன்றி புகுந்த மாதிரி கிளறிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு பை நிறையக் காய். எல்லாரையும்விட அதிகம் சேர்த்தவள் வெனிலா. ஒன்பது வயது, முன்பல் இரண்டு இல்லை. ஐஸ்கிரீம் என்று கூப்பிட்டவர்களை எல்லாம் முதல் நாளே அடித்து உட்கார வைத்தவள். அன்றைக்கு அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, நான் இன்னைக்கு நிறைய தப்பு எடுத்தேன். நான்தான் ஃபர்ஸ்ட்" என்று பெருமையாகச் சொல்ல, அந்த அம்மா பதறிப்போய் என்னிடம் பேச வேண்டும் என்றாள். அவளுக்குப் புரியவைப்பதற்குள் என் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் பாக்கியமேரியும் பெண்களும் களைக்கொத்தோடு வந்தார்கள். பின்னால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. பாக்கியமேரி மட்டும் நானும் வேணியும் நின்ற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தாள்.

"இன்னா வேணிம்மா, உன் வூட்டுப் புள்ளைங்களே பொறுக்கிக்கினு போயிருக்குது?"

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். யார் எடுத்தாலும் அவர்களுக்கு என்பதில் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. அந்த 'யார்' என்பதில் நிலத்துக்காரர் வீடு சேராது. தன் நிலத்தில் தானே தப்புப் பொறுக்குகிற வீட்டை எங்கள் பக்கம் மனுஷராகவே மதிக்க மாட்டார்கள். எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே வேணி அதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எங்களுக்கு விட மனசு இல்லன்னா, பிடுங்கறதுக்கும் வேற ஆளப் பாத்துக்க" என்றாள் பாக்கியமேரி.

கிழக்குத் துண்டு முற்றி நின்றது. இரண்டு நாளாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பெய்தால் முற்றின காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? ஊர் முழுக்க அறுவடை. அதோடு, வேணி வீட்டில் தப்புப் பொறுக்கினார்கள் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால் அடுத்த வருஷமும் அவள் வரப்பை ஆள் மிதிக்காது.

நான் அவள் காதருகில் போய், "ஏண்டி, அது என்ன நம்ம வூட்டுப் புள்ளைங்களா? திண்டிவனத்துப் புள்ளைங்க, காசு குடுத்து தங்கியிருக்குதுங்கன்னு சொல்லிடு. வெளியாளு பொறுக்கினா யாரும் கேக்க முடியாது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. இன்றைக்கும் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

வேணி என்னைப் பார்த்தாள். "அவங்கம்மாங்ககிட்ட இன்னா சொல்லிக் கூட்டியாந்தேன்? எம்புள்ள மாதிரி பாத்துக்கறேன்னு சொன்னேன். இப்ப பேஜாருன்னு வந்ததும் ஊரான் புள்ளன்னு சொல்லவாக்கா?"

அப்புறம் பாக்கியமேரி பக்கம் திரும்பினாள். "ஆமாக்கா. எங்க வூட்டுப் புள்ளைங்கதான். நான்தான் சரியா சொல்லல."

பாக்கியமேரி களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். வேணி மத்தியானம் சோறு போடும்போது பிள்ளைகளிடம் முழுதையும் சொன்னாள். தப்புக்காய் யாருடையது, யார் பொறுக்கக் கூடாது, ஏன் கூடாது. சொல்லிவிட்டு, பைகளைக் கொண்டுவா என்றுகூடச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தன. வெனிலா மட்டும் தன் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேணி திரும்பி வந்ததும், "நீங்கதானே ஆண்ட்டி யார் எடுத்தாலும் அவங்களுக்குன்னு சொன்னீங்க" என்று கேட்டாள்.

"சொன்னேன். ஆனா நீ எங்க வூடாச்சே. நம்ம வூடு எடுக்கக் கூடாது" என்றாள் வேணி.

வெனிலா அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு எழுந்து பையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் பைகளோடு பாக்கியமேரி வீட்டுக்குப் போனோம். மாதா கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு. வாசலில் வரிசையாக வைத்த பைகளைப் பார்த்ததும் அவள் முகம் இன்னும் இறுகிப்போனது.

"இத எதுக்குக் கொண்டாந்த? நாங்க பொறுக்கி எடுத்துக்கறவங்க. மூட்டையா குடுத்தா வாங்கிக்கறவங்க இல்ல."

அவள் சொன்னதும் நியாயம்தான். கிளறி எடுப்பது உரிமை, வாசலில் வாங்குவது தானம்.

வெனிலா முன்னால் வந்தாள். "அப்போ நாங்க எல்லாத்தையும் திரும்ப மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சிடறோம். நீங்க நாளைக்கு வந்து பொறுக்கிக்கோங்க. ஆழமா வெக்க மாட்டோம்."

பாக்கியமேரி சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தே, வேணிம்மா" என்றாள், ஒருவழியாக மூச்சு வந்ததும். "இத எடுத்துக்கினு போயி நாளைக்கு அவிச்சு வை. எல்லாரும் உக்காந்து துன்னுவோம். கெழக்காலத் துண்டுக்கு விடிய வர்றோம். தண்ணி நல்லா கட்டு, இந்த மொறையாவது."

வந்தார்கள். மேகம் தலைக்கு மேலேயே நின்றது, பெய்யவில்லை. பெண்கள் பிடுங்கப் பிடுங்க, பிள்ளைகள் செடியை நிழலுக்குச் சுமந்தார்கள். நான் பெரிய அண்டாவில் அந்தக் காயை உப்புப் போட்டு அவித்தேன். மத்தியானம் மாமரத்தடியில் எல்லாரும் கலந்து உட்கார்ந்து தின்றார்கள். பாக்கியமேரி வீட்டுப் பிள்ளைக்கும் வெனிலாவுக்கும் யார் வேகமாக உரிக்கிறார்கள் என்று போட்டி. சாயங்காலத்துக்குள் கிழக்குத் துண்டு முழுதும் பிடுங்கிக் காய் ஆய்ந்தாகிவிட்டது. வேணி அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்து காபி குடித்தாள்.

பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. இந்த முறை காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்போதே தப்புப் பொறுக்க இறங்கிவிட்டார்கள். தண்ணீர் நன்றாகக் கட்டியிருந்ததால் மண்ணில் அதிகம் காய் தங்கவில்லை. ஆனாலும் ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. கேம்ப் பிள்ளைகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. வெனிலாவின் கண் மட்டும் மண்ணைவிட்டு நகரவே இல்லை. எங்கே காய் தெரிகிறது என்று அங்கிருந்தே விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

பாக்கியமேரிக்கு மனசு இளகிவிட்டது. "ஏ பாப்பா, நீ மட்டும் வா. ஒரு கொத்து எடுத்துக்கினு வந்து பொறுக்கு. நானே சொல்றேன், ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வெனிலா எழுந்து நின்றாள். இறங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு காலை எடுத்து வைத்தவள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நான் வரக் கூடாது. நான் வேணி ஆண்ட்டி வீடு."

வேணி சற்றுத் தள்ளி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசி பாதியில் நின்றுவிட்டது. நான் வெட்கமில்லாமல் அழுதேன், சொல்வதற்கென்ன. வேணி அழவில்லை. ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்ம வூடுன்னா அங்க நின்னு வேடிக்க பாத்துக்கினு இருந்தா எப்படி?" என்றாள். "ஜல்தி வா. இந்தச் சாக்கப் புடி."