இரண்டு கண்ணும் திறந்திருந்தால்

எங்கள் பட்டறையில் அச்சாகும் முருகன் படத்தைக் கையில் வாங்கினால், வேல் உங்கள் மூக்கைக் குத்த வருவதுபோல முன்னால் நிற்கும். மலை எங்கோ தூரத்தில் பின்னால் போயிருக்கும். வாங்குகிறவர்கள் ஏதோ மாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு பக்கம் வரிவரியாகப் புடைத்த பிளாஸ்டிக் தாள். கொஞ்சம் கொஞ்சமாக இடம் தள்ளி நின்று பார்த்ததுபோன்ற பல படங்களை நூல் நூலாகக் கீறி, மாற்றி மாற்றி அடுக்கி, அந்தத் தாளின் வழவழப்பான முதுகில் அச்சடிக்கிறோம். முன்பக்கத்து வரிகள் இடது கண்ணுக்கு ஒரு படத்தையும் வலது கண்ணுக்கு இன்னொன்றையும் பிரித்துக் கொடுத்துவிடும். மீதி வேலையைப் பார்க்கிறவரின் மூளை செய்துகொள்ளும்.

ஓசூரில் இருக்கும் அந்தப் பட்டறையில் நான் செக்கர். முதல் தாள் என் கைக்குத்தான் வரும். நான் சரி என்றால்தான் மெஷின் ஓடும். தாளை ஆட்டக்கூடாது, தலையைத்தான் ஆட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெளியாள் பார்த்தால், எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிற கூட்டம் என்று நினைப்பான். பிறகு அசையாமல் நின்று ஆழம் பார்க்க வேண்டும். பிளேட் தயாரிக்கும்போது படங்களின் வரிசை தலைகீழாகிவிட்டால் மலை முன்னால் வந்துவிடும், முருகன் பின்னால் பள்ளத்தில் நிற்பார். அதற்கு எங்கள் பட்டறையில் "சாமி உள்ள போயிட்டாரு" என்று பெயர்.

அன்று காலை ஷிப்டில் முதல் தாளைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். படம் குதிக்கவில்லை, நிழல் தட்டவில்லை. ஆழம் பார்க்க நிற்காமலே "ஓட்டுப்பா" என்றேன். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற, கன்னடம் கலந்து பேசும் மெஷின்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார்.

"ஏனக்கா இது? சாமி உள்ள போயிட்டாரே."

"ஒண்ணும் போகல. மொதல்ல உன் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு."

"நிஜமாக்கா. இன்னொரு வாட்டி நோடுங்க."

எரிச்சலோடு வாங்கிப் பார்த்தேன். முருகன் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சுவரில் ஒட்டிய போஸ்டர்போலத் தட்டையாக இருந்தார். நேற்றைய நல்ல தாள் ஒன்றை எடுத்தேன். அதுவும் தட்டை. வலது கண்ணை மூடினேன், இடது கண்ணில் எல்லாம் தெளிவாக இருந்தது. இடது கண்ணை மூடினேன். வலது கண்ணில் ஒரு பக்கமிருந்து அழுக்குத் திரை இறங்கி, நடுவரை மூடியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திரை அப்படியே இருந்தது.

காலேஜில் படிக்கும் மகளைப் போனில் கூப்பிட்டேன். எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி சோடாபுட்டிக் கண்ணாடி. கண் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் இருவரும் ஏறினோம். சூளகிரி தாண்டியும் நான் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கடைப் போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். திரை இன்னும் இறங்கிவிட்டதாகவே ஒவ்வொரு முறையும் தோன்றியது. இடது கண்ணும் போய்விட்டால்? வேலை போகும் என்பதைக்கூட நான் நினைக்கவில்லை. அடுப்பு, தெருப்படி, இவள் முகம், இதெல்லாம்தான் நினைவுக்கு வந்தன.

"மூடி மூடிப் பாக்காதம்மா, பயமா இருக்கு" என்றாள் மகள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணும் மங்கச் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"விழித்திரை கழண்டிருக்கும்மா. ஆப்பரேஷன் பண்ணணும். தள்ளிப்போட முடியாது."

"பார்வை வந்துருமா?"

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். கண்ணாடி பவர் ரொம்ப அதிகமா இருக்கறவங்களுக்கு இப்படி ஆகலாம். முன்னாடியே ஓரத்துல மின்னல் மாதிரி வெளிச்சம் வந்துச்சா?"

வந்திருந்தது. மை காயவைக்கும் விளக்கின் மூடி சரியில்லை, வெளிச்சம் கசிகிறது என்று நான் மெஷின்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். "வந்துச்சு டாக்டர்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று மகள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, டாக்டரைப் பார்த்தாள்.

"எனக்கும் வருது டாக்டர்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எந்தக் கண்ணுலம்மா?"

"ரெண்டுலயும்."

என் ஆப்பரேஷனைப் பற்றிக் கேட்க இருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பரிசோதனை நாற்காலியைவிட்டு எழுந்து, தடவித் தடவி அவள் தோளைக் கண்டுபிடித்து, அவளை அதில் உட்காரவைத்தேன்.